கப்பலைப் பார்க்காமலே கப்பல் பிடித்துத் தருபவர்கள்

இந்தோனேசியாவின் தெற்குக் கலிமந்தான் கரையோரம் தபோனியோ என்று ஒரு நங்கூரத் தலம் இருக்கிறது. துறைமுகம் என்று காட்ட அங்கே பெரிதாக ஒன்றும் கிடையாது. ஆற்று வழியே பார்ஜ்களில் நிலக்கரி வரும். கடலில் நிற்கும் கப்பல் தன்னுடைய கிரேன்களாலோ மிதக்கும் கிரேன்களாலோ அதை அள்ளிப் போட்டுக்கொள்ளும். அங்கிருந்து 55,000 டன் கரியை எண்ணூருக்குக் கொண்டு வர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கரியை வாங்கியவரிடம் கப்பல் இல்லை. கப்பல் வைத்திருப்பவர் ஏதென்ஸிலோ சிங்கப்பூரிலோ ஷாங்காயிலோ இருக்கிறார். இந்த இருவரையும் ஒரே பேரத்தில் கொண்டுவந்து நிறுத்துபவர்தான் கப்பல் தரகர், ஷிப் புரோக்கர்.

தூத்துக்குடியிலும் சென்னையிலும் பலருக்குப் பழக்கமான ஷிப்பிங் ஏஜென்ட் வேறு ஆள். கப்பல் வந்து சேர்ந்த பிறகு பெர்த், பைலட், கஸ்டம்ஸ், மாலுமிகளுக்கு மருத்துவர், குடிதண்ணீர் என்று எல்லாவற்றையும் பார்த்துக்கொள்பவர் அவர். புரோக்கரின் முக்கியமான வேலை அதற்குள் முடிந்திருக்கும். நூற்றுக்கணக்கான கப்பல்களுக்குப் பேரம் பேசி முடித்த ஒருவர், அவற்றில் ஒன்றின் தளத்திலும் கால் வைக்காமலே ஓய்வு பெற்றுவிடலாம்.

கன்டெய்னரில் நாலு பெட்டி அனுப்புகிறவருக்கு இவர் தேவையே இல்லை. லைனர் கம்பெனிக்குக் கால அட்டவணை உண்டு, கட்டணப் பட்டியல் உண்டு. நிலக்கரி, இரும்புத்தாது, கோதுமை, உரம், கச்சா எண்ணெய் போன்றவை முழுக் கப்பலாகப் போகிறவை. அங்கே அட்டவணையும் இல்லை, நிலையான விலையும் இல்லை. ஒவ்வொரு பயணமும் தனிப் பேரம்.

அறிமுகம் செய்து வைப்பதுதான் தரகரின் வேலை என்றால் இந்தத் தொழில் எப்போதோ அழிந்திருக்க வேண்டும். எந்தக் கப்பல் எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்பதை இன்று யார் வேண்டுமானாலும் போனில் பார்க்கலாம். கப்பல் முதலாளிகளின் அலுவலக எண்களும் ரகசியம் அல்ல. அப்படியும் ஆயிரக்கணக்கானவர்கள் இந்தத் தொழிலில் சம்பாதிக்கிறார்கள். என் கணிப்பில் அவர்கள் விற்பது இரண்டு சரக்குகளை. எதை யாரிடம் சொல்லக் கூடாது என்ற விவரம் ஒன்று. காகிதம் வருவதற்கு முன்பே செல்லுபடியாகும் பேச்சு இன்னொன்று.

முதலாவதை எடுத்துக்கொள்வோம். எண்ணூர் சரக்குக்குக் கப்பல் வேண்டும் என்று வாங்கியவர் பத்து புரோக்கர்களுக்கும் மெயில் அனுப்பினால் என்ன ஆகும்? பத்துப் பேரும் தத்தம் வட்டாரத்தில் அதைச் சுற்றுக்கு விடுவார்கள். ஏதென்ஸில் உட்கார்ந்திருக்கும் கப்பல்காரருக்கு ஒரே சரக்கு பத்துத் திசையிலிருந்து வந்து சேரும். ஒவ்வொன்றும் சற்றே வேறு வார்த்தைகளில் இருக்கும். இந்தியாவுக்குப் போக ஏகப்பட்ட சரக்கு காத்திருக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டு டன்னுக்கு அரை டாலர் ஏற்றிச் சொல்வார். விவரமுள்ள புரோக்கர் இதைச் செய்ய விடமாட்டார். அந்த வாரம் அந்தப் பக்கத்தில் காலியாகப் போகிற கப்பல்களில் எதற்கு உண்மையிலேயே அவசரம், எந்த முதலாளி மழைக்காலத்தில் இந்தியக் கிழக்குக் கரைக்கு வரத் தயங்குவார், எந்தக் கப்பலில் கரி அள்ளும் கிராப்கள் பழுது என்று தெரிந்துவைத்துக்கொண்டு மூன்று பேரிடம் மட்டும் பேசுவார்.

சரக்குக்காரர் யார் என்பது வெளியே கசிந்தால் நஷ்டம் விலையோடு நிற்பதில்லை. வ.உ.சிதம்பரம் பிள்ளை 1906-ல் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியைத் தொடங்கியபோது அவரிடம் சொந்தக் கப்பல் கிடையாது. பம்பாயின் ஷா லைன் ஸ்டீமர்ஸிடமிருந்து வாடகைக்கு எடுத்துத்தான் தூத்துக்குடி–கொழும்புத் தடத்தில் ஓட்டினார். அதே தடத்தில் போட்டியாக இருந்த பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனி ஷா லைனை நெருக்கியதும் வாடகைக் கப்பல் கைவிட்டுப் போனது. கொழும்பிலிருந்து வேறொரு கப்பலை வாடகைக்குப் பிடித்து ஓட்டிப் பார்த்தார். எஸ்.எஸ். காலியா, எஸ்.எஸ். லாவோ என்ற சொந்தக் கப்பல்கள் வந்தது அதற்கப்புறம்தான். அவர் கதையில் புரோக்கர் யாராவது இருந்தாரா என்பது இங்கே விஷயமில்லை. வாடகைக்கு எடுப்பவரின் அடையாளம் எதிராளிக்குத் தெரிந்துவிட்ட சந்தையில் என்ன நடக்கும் என்பதற்கு நம் ஊரிலேயே இவ்வளவு தெளிவான உதாரணம் இருக்கிறது என்பதற்காகச் சொன்னேன்.

அடுத்தது பேச்சு. இதைப் புரிந்துகொள்ள லண்டனுக்குப் போக வேண்டும். 1744-ல் திரெட்நீடில் தெருவில் இருந்த ஒரு காபிக் கடை வர்ஜீனியா அண்ட் பால்டிக் என்று பெயர் மாற்றிக்கொண்டது. அமெரிக்கக் குடியேற்றங்களோடும் பால்டிக் கடல் நாடுகளோடும் வியாபாரம் செய்தவர்கள் கூடும் இடம் அது. கப்பல்காரரும் சரக்குக்காரரும் அங்கேயே உட்கார்ந்து பேசி முடிப்பார்கள். ஊக வியாபாரம் அத்துமீறியதும் 1823-ல் குழு அமைத்து, விதிகள் எழுதி, உறுப்பினர் எண்ணிக்கையையும் கட்டுப்படுத்தினார்கள். கப்பல் தரகுச் சந்தையான பால்டிக் எக்ஸ்சேஞ்ச் உருவானது இப்படித்தான். 'எங்கள் சொல்லே எங்கள் பத்திரம்' என்பது அதன் குறிக்கோள் வாசகம்.

காபிக் கடை உலகச் சந்தையானதற்கு முக்கியக் காரணம் தந்தி என்றுதான் நினைக்கிறேன். அதற்கு முன்னால் கல்கத்தாவுக்கு வந்து சரக்கு இறக்கிய கேப்டன், திரும்பிப் போகச் சரக்கு வேண்டுமென்றால் அந்த ஊர் வியாபாரிகளிடம் தானே பேச வேண்டியிருந்தது. லண்டன் முதலாளிக்குச் செய்தி போய் வர மாதங்கள் ஆகும். கடலடிக் கேபிள் வந்த பிறகு லண்டனில் இருந்துகொண்டே கல்கத்தாவில் நிற்கும் கப்பலுக்கு அடுத்த சரக்கைப் பேச முடிந்தது. கேப்டனின் கையிலிருந்த பேரம் புரோக்கரின் மேசைக்கு வந்தது. கிளார்க்சன் 1852-ல் லண்டனிலும், ஃபெர்ன்லி 1869-ல் ஓஸ்லோவிலும், சிம்ப்சன் ஸ்பென்ஸ் யங் 1880-ல் நியூயார்க்கிலும் தொடங்கியவை. மூன்றும் இன்றும் தொழிலில் இருக்கின்றன. கிளார்க்சன்தான் உலகிலேயே பெரிய புரோக்கர் நிறுவனம்.

லண்டனின் செயின்ட் மேரி ஆக்ஸ் தெருவில் இருந்த பால்டிக் கட்டடத்தை 1992 ஏப்ரல் 10 அன்று ஐரிஷ் ஆயுதக் குழுவான ஐ.ஆர்.ஏ.-வின் குண்டு சிதைத்தது. லண்டன் படங்களில் வெள்ளரிக்காய் மாதிரித் தெரியும் கண்ணாடிக் கோபுரம் நிற்பது அந்த இடத்தில்தான். 2016-ல் பால்டிக் எக்ஸ்சேஞ்சையே சிங்கப்பூர் எக்ஸ்சேஞ்ச் விலைக்கு வாங்கிவிட்டது. இரும்புத்தாதுவும் கரியும் சீனாவையும் ஆசியாவையும் நோக்கிப் போகும் காலத்தில் இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

சரி, ஒரு பேரம் எப்படிப் போகிறது? சரக்குக்காரருக்கு ஒரு புரோக்கர், கப்பல்காரருக்கு ஒரு புரோக்கர் இருப்பது வழக்கம். இரண்டு பக்கத்துக்கும் ஒருவரே பேசுவதும் உண்டு. முதலில் பெரிய விஷயங்கள். டன்னுக்கு எவ்வளவு, கப்பல் எந்தத் தேதிக்கும் எந்தத் தேதிக்கும் இடையில் வந்து நிற்க வேண்டும் (இதற்கு லேகேன் என்று பெயர்), ஒரு நாளைக்கு எத்தனை டன் ஏற்றி இறக்க வேண்டும், தாமதமானால் டெமரேஜ் நாளொன்றுக்கு எவ்வளவு என்று போகும். ஒவ்வொரு ஆஃபருக்கும் நேரக்கெடு உண்டு. 'இன்று மாலை லண்டன் நேரம் 4 மணி வரை' என்றால் 4 மணிக்குப் பிறகு அது செத்துவிட்டது. பதிலுக்குப் பதில் என்று நாலைந்து சுற்று ஓடும். முன்பு போனிலும் டெலக்ஸிலும் நடந்தது. இப்போது மெயிலிலும் வாட்ஸ்அப்பிலும் நடக்கிறது.

அடிப்படை விஷயங்கள் முடிந்ததும் புரோக்கர் ரீகேப் என்று ஒன்றை அனுப்புவார். பேசி முடித்த எல்லாவற்றையும் தொகுத்த செய்தி அது. சார்ட்டர் பார்ட்டி எனப்படும் முறையான ஒப்பந்தம் அப்புறம் வரும். பல சமயம் கப்பல் சரக்கை ஏற்றிக்கொண்டு கிளம்பிய பிறகும் அதில் கையெழுத்தாகியிருக்காது. அதுவரை லட்சக்கணக்கான டாலர் பரிமாற்றத்துக்கு ஆதாரம் அந்த ரீகேப் மட்டும்தான். அதில் டெமரேஜ் தொகையில் ஒரு பூஜ்யம் விட்டுப்போனால் வம்பு புரோக்கர் தலையில் விடியும். இப்படிப்பட்ட தவறுகளுக்குக் காப்பீடு கொடுக்கவே ஐ.டி.ஐ.சி. என்ற பரஸ்பரச் சங்கம் லண்டனிலிருந்து இயங்குகிறது. புரோக்கர்கள் வழக்கமாக 'முதலாளியின் அதிகாரத்தின் பேரில், ஏஜென்டாக மட்டும்' என்று சேர்த்துக் கையெழுத்திடுவதும் இந்தப் பயத்தால்தான். தனக்கு இல்லாத அதிகாரத்தை இருப்பதாகச் சொல்லிப் பேரம் முடித்தால் நஷ்டத்தை அவரே கட்ட வேண்டியிருக்கும்.

இதில் வெளியாளைக் குழப்பும் இடம் 'சப்ஸ்'. கப்பல் ஃபிக்ஸ் ஆனது, ஆனால் 'சப்ஜெக்ட்' என்ற நிபந்தனையோடு. சரக்கு தயாராக இருப்பது உறுதியாக வேண்டும், வாங்குபவர் கப்பலை ஏற்றுக்கொள்ள வேண்டும், மேலிடத்தின் ஒப்புதல் கிடைக்க வேண்டும் என்று ஏதாவது ஒன்று இருக்கும். குறிப்பிட்ட நேரத்துக்குள் சரக்குக்காரர் சப்ஸை விலக்கிக்கொண்டால் ஒப்பந்தம் உறுதி. விலக்கவில்லை என்றால்? 2020-ல் நியூகாசில் எக்ஸ்பிரஸ் என்ற கப்பலை ஆஸ்திரேலியாவின் நியூகாசிலிலிருந்து சீனாவின் சௌஷானுக்குக் கரி கொண்டுபோகப் பேசினார்கள். கரி அனுப்புபவரும் பெறுபவரும் ஒப்ப வேண்டும் என்ற சப் இருந்தது. கப்பலுக்கு ரைட்ஷிப் நிறுவனத்தின் பாதுகாப்பு ஒப்புதல் இன்னும் வந்து சேராத நிலையில், சரக்குக்காரர் கப்பலை விடுவித்துவிட்டார். இது ஒப்பந்த மீறல் என்று கப்பல்காரர் நடுவர் மன்றத்துக்குப் போய் சுமார் 2.83 லட்சம் டாலர் ஜெயித்தார். இங்கிலாந்து உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளியது. 2022-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது: அந்தச் சப்ஸ் விலகாதவரை ஒப்பந்தமே இல்லை. அமெரிக்க நீதிமன்றங்கள் இதில் வேறு வழியில் போகின்றன. முக்கிய அம்சங்கள் முடிந்து நுணுக்கங்கள் மட்டும் பாக்கி இருந்தால் அங்கே அது பெரும்பாலும் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்தான்.

சப்ஸ் என்பது சரக்குக்காரருக்கு இலவசமாகக் கிடைக்கும் ஓரிரு நாள் அவகாசம் என்று கப்பல்காரர்கள் புலம்புவார்கள், அது பெரும்பாலும் நியாயம்தான். சந்தை சரிந்துகொண்டிருக்கும்போது சப்ஸ் 'ஃபெயில்' ஆவது திடீரென்று அதிகரிக்கும். சட்டப்படி வெளியேறலாம். அப்படி வெளியேறும் வழக்கமுள்ளவர் யார் என்பது புரோக்கர்களுக்குத் தெரியும். அடுத்த முறை அவருடைய சரக்கு எத்தனை டேபிளில் கண்டுகொள்ளப்படாமல் கிடக்கும் என்பதும் தெரியும். எழுதப்படாத இந்தத் தண்டனைதான் சொல்லுக்கு மதிப்பைக் கொடுக்கிறது.

இனிக் காசுக்கு வருவோம். பேரம் முடிந்தால் கமிஷன், முடியாவிட்டால் பைசா இல்லை. ஒரு புரோக்கருக்கு வழக்கமாக 1.25 சதவீதம். எண்ணூர் சரக்கையே எடுத்துக்கொண்டு, டன்னுக்கு 12 டாலர் என்று வைத்துக் கணக்குப் போடலாம். மொத்தக் கட்டணம் 6,60,000 டாலர். ஒவ்வொரு புரோக்கருக்கும் 8,250 டாலர். இதைத் தருபவர் கப்பல்காரர், சரக்குக்காரருடைய புரோக்கருக்கும் சேர்த்து. இது போக 'அட்ரஸ் கமிஷன்' என்று ஒன்று உண்டு. 2.5 சதவீதம் என்றால் 16,500 டாலரைக் கட்டணத்திலிருந்து சரக்குக்காரரே கழித்துக்கொள்வார். அதாவது தள்ளுபடிக்குக் கமிஷன் என்று பேர். கப்பல்காரர் இதையெல்லாம் முதலிலேயே கணக்கில் ஏற்றித்தான் விலை சொல்கிறார் என்பதால் யார் தலையில் விழுகிறது என்று அடித்துச் சொல்ல முடியாது.

ஒரு கோணல் இங்கே இருக்கிறது. சரக்குக்காரரின் புரோக்கர் கட்டணத்தைக் குறைக்கப் பாடுபட வேண்டியவர். ஆனால் கட்டணம் குறைந்தால் அவர் கமிஷனும் குறையும். வாடகை வீடு பார்த்துத் தரும் தரகரிடம் நாம் சந்தேகப்படும் அதே விஷயம்தான். நடைமுறையில் கட்டணத்தில் அரை டாலர் ஏறினால் அவருக்குக் கிடைப்பது சுமார் 344 டாலர், அந்த வாடிக்கையாளரை இழந்தால் போவது வருஷத்துக்கு இருபது முப்பது ஃபிக்ஸ்சர், அதாவது முடிந்த பேரங்கள். ஆகவே சொந்த லாபத்துக்காக விலையை ஏற்றிவிடுவார் என்ற பயம் பெரிதல்ல. உண்மையான ஆபத்து வேறு: எப்படியாவது பேரத்தை முடித்துவிட வேண்டும் என்ற துடிப்பு. 'இன்னும் இரண்டு நாள் பொறுங்கள், சந்தை இறங்கும்' என்று சொல்ல நினைக்கும் புரோக்கருக்கு அந்த இரண்டு நாளில் வேறொருவர் பேரத்தைத் தட்டிக்கொண்டு போய்விடுவாரோ என்ற கவலையும் கூடவே இருக்கும்.

கமிஷனை வாங்குவதும் லேசில்லை. ஒப்பந்தத்தில் புரோக்கர் ஒரு தரப்பே அல்ல, அவர் பெயர் ஒரு ஷரத்தில் மட்டும் வரும். முதல் உலகப் போரின்போது ஃப்ளோர் என்ற பிரெஞ்சுக் கப்பலுக்குப் பேரம் முடித்துக் கொடுத்தார் லியோபோல்ட் வால்ஃபோர்ட் நிறுவனத்தார். பயணம் தொடங்குமுன் பிரெஞ்சு அரசு கப்பலைக் கைப்பற்றிக்கொண்டது. வாடகை வராததால் கமிஷனும் இல்லை என்றார் முதலாளி. கையெழுத்தானதுமே 3 சதவீதம் தர வேண்டும் என்றுதான் எழுதியிருந்தது. 1919-ல் பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாக அப்போது இருந்த பிரபுக்கள் சபை புரோக்கர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அவர் நேரடியாக வழக்குப் போட முடியாது, கப்பலை வாடகைக்கு எடுத்தவர் அவருக்காக அறங்காவலராக நிற்கிறார் என்று சுற்றி வளைத்து. 1999-ல் மூன்றாம் தரப்பு உரிமைச் சட்டம் வந்த பிறகுதான் இந்தச் சுற்று வழி தேவையில்லாமல் போனது. 2003-ல் நிஷின் ஷிப்பிங்குக்கும் கிளீவ்ஸ் என்ற புரோக்கர் நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில் புரோக்கர் தன் கமிஷனை நேரடியாகக் கேட்கலாம் என்று உறுதியாயிற்று.

உலர் சரக்குக் கப்பல் கட்டணங்களின் குறியீடாகச் செய்திகளில் அடிபடும் பால்டிக் டிரை இண்டெக்ஸும் புரோக்கர்களின் கையிலிருந்து வருவதுதான். 1985 ஜனவரியில் 1,000 புள்ளியில் தொடங்கிய பால்டிக் ஃபிரெயிட் இண்டெக்ஸின் வாரிசு அது, 1999 நவம்பரிலிருந்து இந்தப் பெயர். பங்குச் சந்தைக் குறியீடு மாதிரி நடந்த வியாபாரத்தை மட்டும் வைத்து இதைக் கணக்கிட முடியாது. சில தடங்களில் ஒரு நாளில் ஒரு ஃபிக்ஸ்சர்கூட நடக்காது. எனவே தேர்ந்தெடுக்கப்பட்ட புரோக்கர் நிறுவனங்கள் தினமும், இன்றைக்கு இந்தத் தடத்தில் இந்த அளவுக் கப்பலுக்கு இவ்வளவு போகும் என்று தங்கள் மதிப்பீட்டைத் தருகின்றன. அவற்றின் சராசரிதான் உலகத்துக்கு அறிவிக்கப்படுகிறது. இப்போது கேப்சைஸ் எனப்படும் மிகப் பெரிய கப்பல்களுக்கு 40 சதவீதமும், அதற்கு அடுத்தடுத்த அளவுகளான பனாமாக்ஸுக்கும் சூப்ராமாக்ஸுக்கும் தலா 30 சதவீதமும் எடை. கோடிக்கணக்கான டாலர் முன்பேர ஒப்பந்தங்கள் இந்த மதிப்பீட்டை நம்பித் தீர்க்கப்படுகின்றன.

2008 மே 20 அன்று இந்தக் குறியீடு 11,793-ஐத் தொட்டது. டிசம்பர் 5-ல் 663. கேப்சைஸ் கப்பலின் சராசரி நாள் வருமானம் ஜூன் தொடக்கத்தில் 2.3 லட்சம் டாலரைத் தாண்டியிருந்தது, டிசம்பர் தொடக்கத்தில் 2,400 டாலருக்கும் கீழே போனது. 30 நாள் பயணத்துக்கு 1.25 சதவீதம் என்றால் புரோக்கருக்கு முதலில் 86,000 டாலருக்கு மேல், பிறகு 900 டாலருக்கும் குறைவு. வேலை என்னவோ அதே வேலைதான். அந்தக் குளிர்காலத்தில் பல புரோக்கர்கள் செய்தது புதுப் பேரம் அல்ல, உச்சத்தில் போட்ட நீண்டகால வாடகைகளைக் குறைத்துப் பேசித் தரும் பஞ்சாயத்து. ஒப்பந்தம் முறிந்துவிட்டால் மாதாமாதம் வரவேண்டிய கமிஷனும் போய்விடும் என்பதால் அதில் அவர்களுக்கும் அக்கறை இருந்தது.

கப்பல் வாங்கி விற்பது தனிப் பிரிவு. அங்கே கமிஷன் சுமார் 1 சதவீதம். ஒப்பந்தப் படிவம் நார்வே கப்பல் தரகர் சங்கம் வகுத்தது, பெரும்பாலான பழைய கப்பல்கள் அதன்படிதான் கைமாறுகின்றன. ஆயுள் முடிந்த கப்பலை குஜராத்தின் அலங்குக்கும் வங்கதேசத்தின் சிட்டகாங்குக்கும் உடைக்க விற்பதும் இந்தப் பிரிவில் சேரும். வங்கிகள் கடன் கொடுக்குமுன் கப்பலின் மதிப்பைக் கேட்பதும் இவர்களிடம்தான். 2009-ல் விற்பனை ஏறக்குறைய நின்றுபோனபோது, கடைசியாக விற்ற விலையை வைத்து மதிப்பிட்டால் வங்கிகளின் கணக்குப் புத்தகமே தாங்காது என்ற நிலை. ஹாம்பர்க் புரோக்கர்கள் எதிர்கால வருமானத்தைக் கொண்டு மதிப்பிடும் முறையை முன்வைத்தார்கள். அது யாருக்கு வசதியாக இருந்தது என்பதை விளக்கத் தேவையில்லை.

ரஷ்யா–உக்ரைன் போருக்குப் பிறகு இந்தப் பிரிவில் ஒரு புதுச் சங்கடம். உடைக்கப் போக வேண்டிய வயதிலுள்ள எண்ணெய் டேங்கர்களை, யாரும் கேள்விப்படாத கம்பெனிகள் நல்ல விலைக்கு வாங்க ஆரம்பித்தன. ரஷ்ய எண்ணெயை, மேற்கு நாடுகள் விதித்த விலை வரம்புக்கு வெளியே கொண்டுபோகும் நிழல் கப்பல் கூட்டம் அப்படி வளர்ந்தது. 2023 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியம், அதன் எல்லைக்குட்பட்டவர்கள் வெளிநாடுகளுக்கு டேங்கர் விற்றால் அறிவிக்க வேண்டும் என்று விதி கொண்டுவந்தது. காசு கையில் இருக்கிறதா என்பதே வாங்குபவரைப் பற்றிப் புரோக்கர் கேட்கும் முதல் கேள்வியாக இருந்த காலம் போய், அந்தக் காசு யாருடையது என்றும் விசாரிக்க வேண்டியதாகிவிட்டது.

புரோக்கரே வேண்டாம் என்று பல செயலிகள் வந்தன. சரக்கையும் கப்பலையும் திரையில் பொருத்திவிட்டால் போதும் என்பது அவர்கள் எண்ணம். பெரிய அளவில் எடுபட்டவை, பெரும்பாலும், புரோக்கர்களே தங்கள் வசதிக்காக வைத்துக்கொண்ட மென்பொருள்கள். ரீகேப் தயாரிப்பது, காலியாகும் கப்பல்களின் பட்டியலைத் திரட்டுவது போன்ற இளைஞர்களின் வேலையை இயந்திரம் எடுத்துக்கொள்கிறது. இதைப் பத்து வருஷம் செய்துதான் முன்பு ஒருவர் பேரம் பேசும் நாற்காலிக்கு வந்தார், அந்த ஏணி இனி எப்படி இருக்கும் என்பது பல நிறுவனங்களின் தலைவலி. பெரிய சுரங்க நிறுவனங்களும் எண்ணெய் நிறுவனங்களும் கப்பல்காரரிடம் நேரடியாகவே பேச முடியும், பேசுகின்றன. மாதம் முழுக்க ஒரே தடத்தில் சரக்கு அனுப்புபவருக்கு அது கட்டுப்படியாகும். வருஷத்துக்கு ஆறு கப்பல் கரி வாங்குபவர் 1.25 சதவீதத்தை, அதாவது டன்னுக்கு 15 சென்ட்டை, மிச்சப்படுத்தக் கிளம்பினால், எந்த முதலாளி சப்ஸ் காலத்தில் வேறு சரக்குக்கு ஓடிவிடுவார் என்பதைச் சொந்தக் காசில் கற்றுக்கொள்ள நேரிடும்.